செம்பட்டை முடிக்காரனுக்கு 'நீலம்' என்று பெயர்

இரண்டு நாட்களாக ஒரு மனிதர் மனதை விட்டு இறங்க மறுக்கிறார். கீத் டிரஸ்காட். ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்து ஆட்டக்காரர். தலைமுடி செம்பட்டை; ஊரே அழைத்ததோ 'ப்ளூயி'. செம்பட்டை முடிக்காரனை நீலம் என்று கூப்பிடுவது அந்த நாட்டுக் குறும்பு.

மெல்போர்ன் அணி 1939, 1940 என்று அடுத்தடுத்துக் கோப்பை வென்றபோது இரண்டு முறையும் ஆடியவர். போர் வந்ததும் விமானப்படைக்குப் போனார். அங்கே பயிற்சியில் தேறுவதே பெரும்பாடு. தரையைத் தொடும் முன்பே, இருபது அடி உயரத்தில், தரை வந்துவிட்டதாக எண்ணி விமானத்தை நிமிர்த்திவிடுவாராம். அப்படிப்பட்டவர் இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் ஓட்டிப் பகை விமானங்களை வரிசையாக வீழ்த்தினார் என்றால் நம்ப முடிகிறதா?

1942இல் ஊர் திரும்பியவர் மறுபடி மெல்போர்ன் சீருடை போட்டு ரிச்மண்டுக்கு எதிராக ஒரே ஓர் ஆட்டம் ஆடினார். அணி தோற்றது. யாருக்கு அது பெரிதாகப்பட்டிருக்கும்! அது அவருக்கு 50ஆவது ஆட்டம், கடைசியும் அதுதான். அதே ஆண்டு நியூகினியின் மில்னே விரிகுடாவில் போரிட்டார்.

1943 மார்ச் 28, மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் வளைகுடா. நம் பக்கத்துக் கேட்டலினா விமானம் ஒன்றின்மேல் பாய்வதுபோல் ஒத்திகை. கடல் அலையில்லாமல் கண்ணாடிபோல் கிடந்ததில் உயரம் பிடிபடவில்லை. அவர் ஓட்டிய கிட்டிஹாக் போர் விமானம் நேராக நீரில் மோதியது. வயது 26.

'நம் பக்கத்து' என்று எழுதிவிட்டேன், பாருங்கள். இரண்டே நாளில் கட்சி சேர்ந்தாயிற்று.

மெல்போர்ன் அணியின் ஆண்டுச் சிறந்த ஆட்டக்காரருக்கான பதக்கம் இன்றும் அவர் பெயரில்தான், அந்த 'ப்ளூயி'யையும் சேர்த்து.