சுரூபம் இல்லாத ஆயருக்கு ஒரு மெழுகுதிரி

அம்மாவின் நேர்த்திக்கடனைத் தள்ளிப்போட முடியாது. தங்கைக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்தால் மலேசியாவில், புக்கிட் மெர்தாஜாமில் உள்ள, மாதாவின் தாயான அன்னம்மாள் கோயிலில் பெரிய மெழுகுதிரி ஏற்றுவதாக வேண்டியிருந்தார். கடவுளிடம் பரிந்து பேச அவர் பிடித்த ஆள்தான் புதிது: மரியோன் பிரெசியாக் என்ற பிரெஞ்சு ஆயர், அதாவது பிஷப். பினாங்கில் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. எங்கள் தாத்தா கோவைப் பக்கத்துக் கருமத்தம்பட்டிக்காரர். அந்த ஊர்ச் சொந்தங்கள் அனுப்பிய ஆயரின் செப அட்டை அம்மாவின் கைப்பையிலேயே கிடந்து மூலை மடங்கிப்போயிருக்கிறது.

1846 அக்டோபர் 4 அன்று அவர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டது அதே கருமத்தம்பட்டியில்தான். நம் மண்ணிலிருந்தே குருக்களை உருவாக்க வேண்டும் என்பது அவருடைய தீராத தாகம். சாதி வழக்கங்களுக்குத் திருச்சபை எவ்வளவு இடம் கொடுப்பது என்ற விவகாரத்தில் மனச்சான்று இடம் தராமல் 1855இல் கோவைப் பொறுப்பிலிருந்து விலகினார். மறு ஆண்டே லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபணிச் சபையைத் தொடங்கினார். 1859 மே மாதம் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுனில் கரையிறங்கியபோது ஊரெல்லாம் மஞ்சள் காய்ச்சல். ஆறே வாரத்தில், ஜூன் 25 அன்று, அவரையும் அது கொண்டுபோய்விட்டது. வயது 45. “தோற்றுப்போனவருக்குத்தான் நம் கஷ்டம் புரியும்” என்பது அம்மாவின் கட்சி.

எங்கள் ஆயரை இந்தியாவுக்கு அனுப்பிய பாரிஸ் மறைபரப்புச் சபைதான் பினாங்கிலும் குருமடம் நடத்தியது. அங்கே சிலகாலம் கற்பித்த இம்பெர்ட் ஆயர் கொரியாவில் வேதசாட்சியாகி 1984இல் புனிதராகிவிட்டார். எங்கள் ஆயரோ 2020இல்தான் ‘வணக்கத்திற்குரியவர்’ ஆனார். புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் ஆக, அவர் பரிந்துரையால் ஒரு புதுமை, அதாவது அற்புதம், நடக்க வேண்டும்.

திருவிழா ஜூலையில். பாலம் தாண்டியதும் நெரிசல் தொடங்கிவிட்டது. கோயிலுக்கு வெகு தூரத்திலேயே காரை மடக்கி, யாருடைய நிலமோ தெரியாத ஒரு புல்வெளிக்குப் பத்து வெள்ளி கேட்டார்கள். ரசீது கேட்டால் சிரிக்கிறார்கள். அங்கிருந்து வெயிலில் நடை. முழங்கால் வலிக்காரரை நடக்க வைத்துவிட்டு, வழி நெடுக “இந்த மெழுகுதிரிதான் ராசி” என்று கையைப் பிடித்து இழுக்கும் வியாபாரிகளை என்ன சொல்வது! அன்னம்மாள் கோயில் வாசலில் ராசியாம். அம்மா கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

சுரூபத்தின் முன்னால் நிற்கக் கிடைத்தது கொஞ்ச நேரம்தான். பின்னால் சீனப் பாட்டி ஒருவர், அவருக்குப் பின்னால் சிங்கப்பூரிலிருந்து வந்த பஸ் கூட்டம். அம்மா செப அட்டையைப் பீடத்தில் வைக்கவில்லை. பொது வணக்கத்துக்கு இன்னும் அனுமதி இல்லை என்பது அவருக்குத் தெரியும். அதில் அவர் கறார். அட்டையை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, மற்றக் கையால் அன்னம்மாளின் பாதத்தைத் தொட்டார். “பாட்டி, உன் பேரன்கிட்ட இந்த ஆயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லு” என்றார். எங்களுக்காக எதையும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ஏற்கெனவே கிடைத்துவிட்டதே! உருகிய மெழுகு என் மணிக்கட்டில் சொட்டியது, சுட்டதுகூட உறைக்கவில்லை. அழுகையில் வாய்க்கு வந்தது நன்றி ஒன்றுதான்.

தங்கையின் இரத்த அழுத்தம் ஏறி, ஏழாம் மாதத்திலேயே குழந்தையை எடுத்தார்கள். டாக்டர்களும் தாதியரும் கண் துஞ்சாமல் பார்த்தார்கள். ஆகவே இதைப் புதுமை என்று ரோமுக்கு யாரும் எழுதப்போவதில்லை. ஆனால் இன்குபேட்டருக்குள் என் சுண்டுவிரல் நீளக் காலை உதைத்த அந்தப் பிள்ளை இப்போது வீட்டையே தலைகீழாக்குகிறாள். ஆண்டவருக்கும் அன்னம்மாளுக்கும் ஆயருக்கும் எத்தனை தோத்திரம் சொன்னாலும் தீராது.

அம்மா அடுத்ததைத் தொடங்கிவிட்டார். அக்டோபரில் கருமத்தம்பட்டி செபமாலை மாதா திருவிழாவுக்குப் பேத்தியோடு போக வேண்டுமாம். கோவைக்கு டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.