5 வாட் வால்வு ஆம்ப், பேஸ் கிட்டாருக்கு ப்ரீஆம்பாக

பேஸ் கிட்டாருக்கு வால்வு ஒலி வேண்டும் என்று கேட்டால் பலரும் ஆம்பெக் எஸ்விடியைத்தான் காட்டுவார்கள். 1969-ல் வந்த ஆம்ப் அது: ஆறு பவர் வால்வுகள், 300 வாட், ஸ்பீக்கர் பெட்டி சேராமல், தலைப்பகுதி மட்டுமே 35 கிலோவுக்கு மேல். அடுக்குமாடிக் குடியிருப்பில் அதற்கு இடமும் இல்லை, அண்டை வீட்டாரின் அனுமதியும் கிடைக்காது. என்னிடம் இருப்பது ஃபெண்டர் சாம்ப் 5எஃப்1 சர்க்யூட்டைப் பின்பற்றிக் கட்டிய சிறிய ஆம்ப். சிக்னலை முதலில் பெருக்கும் வால்வாக ஒரு 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரை இயக்கும் பவர் வால்வாக ஒரு 6வி6, ரெக்டிஃபையராக ஒரு 5ஒய்3, ஒரே ஒரு வால்யூம் குமிழ். இதை ப்ரீஆம்பாக, அதாவது ஒலிக்குத் தன்மை சேர்க்கும் முன்கட்டமாக மட்டும் வைத்து, இதன் ஒலியை மிக்ஸருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து 12 அங்குல பவர்டு ஸ்பீக்கரில் கேட்க வேண்டும் என்பதே திட்டம்.

6வி6-க்கு முன்பாகவே சிக்னலை எடுத்துவிடும் வழி ஒன்று உண்டு. அங்கே 150 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்னழுத்தம் இருக்கும். கெபாசிட்டர் வைத்து அதைத் தடுத்துத்தான் எடுக்க வேண்டும். ஆம்பை அணைத்த பிறகும் ஃபில்டர் கெபாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் அளவு மின்னழுத்தம் தங்கியிருக்கலாம் என்பதால், பழக்கமில்லாதவர்கள் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். அப்படி எடுத்த ஒலி தெளிவாக இருந்தது, ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. விரலை அழுத்தினால் உறுமல் கூடுவதும் தளர்த்தினால் அடங்குவதும் 6வி6 தன் எல்லையைத் தொடும்போதுதான் கிடைக்கிறது. ஆகவே ஸ்பீக்கர் வெளியீட்டிலிருந்தே எடுப்பது என்று முடிவு செய்தேன்.

இந்த வழியில் மீறக்கூடாத விதி ஒன்று இருக்கிறது. வால்வு ஆம்பைச் சுமை இல்லாமல் ஓட்டவே கூடாது. ஓட்டினால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுருளில் மின்னழுத்தம் எகிறும். வால்வு சாக்கெட்டில் பொறி பறக்கலாம், சுருளின் காப்பு எரிந்துபோகலாம். மிக்ஸரில் செருகிவிட்டால் அது சுமையாகிவிடும் என்று நினைக்கக் கூடாது. மிக்ஸர் உள்ளீட்டின் மின்தடை பல ஆயிரம் ஓம். ஆம்புக்கு அது எதுவும் செருகப்படாததற்குச் சமம். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய 4.7 ஓம், 50 வாட் அலுமினிய உறை ரெசிஸ்டரை, வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்க் மேல் திருகி, ஸ்பீக்கருக்குப் பதிலாக மாட்டினேன். நன்றாகச் சூடாகிறது, அதனால் காற்றோட்டமுள்ள பெட்டியில் வைத்திருக்கிறேன்.

சுமையை ஏறத்தாழ 4 ஓம் என்று கொண்டால், 5 வாட் என்பது சுமார் 4.5 வோல்ட். மிக்ஸரின் லைன் உள்ளீட்டுக்கு அது அதிகம். 10 கிலோ ஓம், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் பிரித்தால் 0.4 வோல்ட் ஆகிறது. ஸ்பீக்கர் இல்லாததால் மேல் சுருதிகளில் ஒரு கரகரப்பு அப்படியே வந்துவிடும். 1 கிலோ ஓமுக்குக் குறுக்கே 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரைப் போட்டேன். சுமார் 3,700 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி சரியத் தொடங்கியது, கரகரப்பும் அடங்கியது.

அடித்தந்தியில்தான் உண்மையான சிக்கல். பேஸின் ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ். சாதாரண கிட்டாரின் ஈ தந்தி 82. அதே மின்னழுத்தத்துக்கு, அதிர்வெண் பாதியானால் ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ளகத்தில் காந்தப்பாயம் இரண்டு மடங்காகும். கிட்டாருக்காகச் செய்த சிறிய உள்ளகம் அதைத் தாங்காது. ஈ தந்தியைத் திறந்து மீட்டினால் ஒலி பொத்தென்று விழுந்தது. கூடவே ஒலித்த மேல் சுருதிகளையும் கலக்கிவிட்டது. கீழ் ஒலியைக் குறைக்கும் மிக்ஸரின் லோ-கட் பொத்தானை அழுத்திப் பார்த்தேன், பயன் இல்லை. குழப்பம் ஆம்புக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது. கீழ் ஒலியை ஆம்புக்குள் நுழையும் முன்பே குறைத்தாக வேண்டும்.

ஆம்பின் உள்ளீடு 1 மெகா ஓம். அதற்கு முன் தொடராக 1.5 நானோஃபாரட் கெபாசிட்டர் வைத்தால் சுமார் 106 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரிவு தொடங்கும். இரண்டு ஜாக் பொருத்திய சின்ன டப்பாவுக்குள் அதை அடைத்தேன், சில ரூபாய்ச் செலவு. அடி ஒலி வேறு பாதையில் போகிறது: பேஸிலிருந்து, அதன் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸுக்கு, அங்கிருந்து நேராக மிக்ஸருக்கு. டிஐ பாக்ஸின் இன்னொரு ஜாக்கிலிருந்து டப்பா வழியாக வால்வு ஆம்புக்கு. அடியைச் சுத்தமாகவும் மேலை உறுமலாகவும் பிரித்துக் கலப்பது புதிய யோசனை அல்ல. அமெரிக்க பேஸ் கலைஞர் பில்லி ஷீஹனின் யமஹா ஆட்டிட்யூட் பேஸில் இதற்காகவே இரண்டு வெளியீடுகள் இருக்கின்றன.

இரண்டு பாதைகளையும் சேர்த்தபோது எர்த் இணைப்புகள் ஒரு வளையமாகி, மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தது. ஈ தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் உள்ள ஜி 49 ஹெர்ட்ஸ். அந்த ஸ்வரத்தை நீட்டிப் பிடித்தால் ஒலி நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கியது! டிஐ பாக்ஸில், சிக்னல் கேபிளின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட்டைப் போட்டு, ஆம்பின் பாதையில் ரெசிஸ்டர்களுக்குப் பிறகு, நேரடி மின்தொடர்பின்றி ஒலியை மட்டும் கடத்தும் 600க்கு 600 ஓம் ட்ரான்ஸ்ஃபார்மரைச் சேர்த்ததும் இரைச்சல் நின்றது. இதற்காக மூன்று முனை பிளக்கின் எர்த்தைக் கழற்றுபவர்கள் இருக்கிறார்கள். அது உயிரோடு விளையாடுவது, எந்த ஒலிக்காகவும் செய்யக் கூடாது.

அந்த ட்ரான்ஸ்ஃபார்மரால் இன்னொரு நன்மையும் கிடைத்தது. அதன் வெளியீட்டு வயர்கள் இரண்டையும் மாற்றி இணைத்தால் ஒலியலை தலைகீழாகிறது. ஒரு பக்கம் இணைத்தபோது 100 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒலி மெலிந்தது; மறுபக்கம் நெஞ்சில் அறையும்படி நிறைந்தது. கெபாசிட்டரும் ஒலியலையின் கட்டத்தை நகர்த்துவதால் கணக்குப் போட்டு முடிவெடுக்க முடியாது, காதை நம்பத்தான் வேண்டும்.

இப்போது வால்யூம் குமிழ் முக்கால் பங்கு திறந்திருக்கிறது. மிக்ஸரில் வால்வுப் பாதையை டிஐ பாதையைவிடச் சற்றுக் குறைவாக வைத்திருக்கிறேன். தனியே கேட்டால் வால்வுப் பாதை ஒல்லியாகவும் முரட்டுத்தனமாகவும் இருக்கும். இரண்டும் சேரும்போது ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு முகம் வந்துவிடுகிறது. அடுத்த முறை டிரம்ஸ் வாசிப்பவரோடு சேர்ந்து வாசிக்கும்போது, டப்பாவில் 1.5-க்குப் பதிலாக 1 நானோஃபாரட் கெபாசிட்டரை மாட்டிப் பார்க்கப் போகிறேன். கீழ் ஒலி சரியத் தொடங்கும் இடம் சுமார் 160 ஹெர்ட்ஸுக்கு ஏறும். கிக் டிரம்முக்கு இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.