ஆர்-4 ரைஃபிளைப் பிரித்துப் படித்த காலம்

ராணுவத்தில் சேர நினைக்கும் டர்பன் இளைஞர்கள் சிலர், ஆயுதப் பழுதுபார்க்கும் வேலைக்கு நான் எப்படித் தேறினேன் என்று கேட்டார்கள். தென்னாப்பிரிக்க ராணுவத்தின் துப்பாக்கியான ஆர்-4 ரைஃபிளின் கதையைச் சொல்லாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்தப் பயிற்சி முழுக்க ஒரே கேள்விதான்: இந்தப் பாகம் ஏன் இப்படி இருக்கிறது? கழற்றி மாட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. காரணம் சொல்லத் தெரியாதவனை எங்கள் பயிற்சியாளர் அடுத்த பாடத்துக்கு விடமாட்டார்.

நான் சேர்ந்தது 1994 ஏப்ரல் 27-க்குப் பிந்தைய புதிய ராணுவத்தில். பழைய அரசின் படை, ஏ.என்.சி.யின் ஆயுதப் பிரிவான உம்கொண்டோ வீ சிஸ்வே போராளிகள், பி.ஏ.சி.யின் ஆப்லா போராளிகள், நிறவெறி அரசு கறுப்பர்களுக்கென்று பிரித்துவைத்த நான்கு 'தாயகங்களின்' சிறு படைகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டிருந்த நேரம் அது. எங்கள் வீடு டர்பனில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தில். பழைய ஆட்சியில் கட்டாய ராணுவ சேவை வெள்ளைக்கார இளைஞர்களுக்கு மட்டும்தான். நம்மவர்களில் சிலர் தாங்களாக முன்வந்து கடற்படையில் சேர்ந்து டர்பனின் ஜல்சேனா தளத்தில் பயிற்சி பெற்றதுண்டு. மற்றபடி ராணுவம் என்றால் எங்கள் அம்மாவுக்குக் கறுப்பர் குடியிருப்புகளுக்குள் புகுந்த கவச வண்டிகள்தான் நினைவுக்கு வரும். "அந்தத் துப்பாக்கியையா நீ துடைக்கப்போறே?" என்று கேட்டார். அம்மாவின் கோபத்தில் நியாயம் இருந்தது. நாடு நம்முடையது என்றால் அதன் பட்டாளமும் நம்முடையதாக மாற வேண்டும், அதற்கு உள்ளே ஆள் வேண்டும் என்று நான் நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

அடிப்படைப் பயிற்சியை எல்லாரும் முடிப்பதுபோலத்தான் முடித்தேன். அதில் சொல்ல அதிகம் இல்லை. தொழில்நுட்பப் பிரிவுக்கு மாற்றலாகி, பிரிட்டோரியாவுக்குத் தெற்கே உள்ள ராணுவப் பகுதிக்குப் போன பிறகுதான் விஷயம் ஆரம்பித்தது. அப்போது அதன் பெயர் ஃபூர்ட்ரெக்கர்ஹூக்டே. 1998-ல் தபா ட்ஸ்வானே ஆனது.

வகுப்பில் பழைய படையின் சார்ஜண்ட் ஒருவர் ஒரு ஆர்-4ஐயும் ஒரு ஏ.கே.-47ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அங்கோலா முகாம்களில் பயிற்சி பெற்ற போராளி ஒருவரும் எங்கள் வகுப்பில் இருந்தார். ஆர்-4ஐ அதுவரை தொட்டதில்லை என்றார். சார்ஜண்ட் விளக்கிக்கொண்டிருக்கும்போதே மேல்மூடியைத் தூக்கி, சுருள்வில்லை உருவி, தோட்டா அறையை மூடும் போல்ட்டையும் அதைத் தாங்கும் பாகத்தையும் வெளியே எடுத்து, காஸ் குழாய்வரை கழற்றி வரிசையாக வைத்துவிட்டார். யாரும் சொல்லித்தரவில்லை. அவர் கைக்கு அது ஏ.கே.தான். சார்ஜண்ட் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, "சரி, இப்போது வித்தியாசத்தைச் சொல்" என்றார்.

அந்த வித்தியாசங்களில்தான் ஆர்-4ஐத் தேர்ந்தெடுத்த வரலாறே இருக்கிறது. பழைய படையின் ரைஃபிள் ஆர்-1, அதாவது பெல்ஜியத்தின் எஃப்.ஏ.எல்., உரிமம் பெற்று இங்கேயே செய்தது. 7.62 மி.மீ. தோட்டா, மேகசினில் 20. தூரத்துக்கு நன்றாகச் சுடும், உறுதியானது. ஆனால் நீளமும் கனமும் அதிகம், அதன் ஒரு தோட்டா ஏறக்குறைய 24 கிராம். நமீபியா, அங்கோலா எல்லையில் புதருக்குள் நெருக்கத்தில் நடந்த சண்டைகளில் எதிர்த்தரப்பு 30 தோட்டா மேகசினோடு ஏ.கே. வைத்திருந்தது. 5.56 மி.மீ. தோட்டாவின் எடை கிட்டத்தட்டப் பாதி. அதே சுமையில் இரண்டு மடங்கு எடுத்துப் போகலாம்.

இஸ்ரேல் ராணுவமும் அதே எஃப்.ஏ.எல்.-ஐத்தான் வைத்திருந்தது. மணல் புகுந்து மக்கர் செய்கிறது என்று 1967 போருக்குப் பிறகு மாற்றுத் தேடியது. 'ஊஸி' என்ற துணை இயந்திரத் துப்பாக்கியை வடிவமைத்த ஊஸியேல் கால் என்பவர்கூட அந்தப் போட்டியில் ஒரு ரைஃபிளைக் கொடுத்தார். ஜெயித்தது யிஸ்ரேல் கலீலி என்பவரின் வடிவம். அதுதான் கலீல் ரைஃபிள். முதல் கலீல் மாதிரிகள் பின்லாந்தின் வால்மெட் ரைஃபிள் ரிசீவர்களில், அதாவது உள்ளுறுப்புகளைத் தாங்கும் உடல்பாகத்தில், கட்டப்பட்டவை. வால்மெட்டோ ஏ.கே.-வைப் பார்த்துச் செய்தது. ஆக ரஷ்யா, பின்லாந்து, இஸ்ரேல் என்று நடந்து வந்த இயந்திரம் அது.

1977 நவம்பர் 4-ல் ஐ.நா.வின் 418-ஆம் தீர்மானம் தென்னாப்பிரிக்காவுக்கு ஆயுதம் விற்பதைக் கட்டாயமாகத் தடை செய்தது. இனி எதையும் உள்நாட்டிலேயே செய்தாக வேண்டும். கலீலுக்கு உரிமம் வாங்கி, லிட்டல்டன் பொறியியல் தொழிற்சாலையில் செய்ய ஆரம்பித்தார்கள். 1980களின் தொடக்கத்தில் ஆர்-4 படைக்கு வந்தது. நிறவெறியைக் காப்பாற்றத்தான் அந்த உழைப்பு முழுவதும் போனது, அதை நான் மறந்து பேசவில்லை. ஆனால் பொறியியல் தேர்வாகப் பார்த்தால் அது சரியான தேர்வு. அவசரத்தில் இருக்கும் நாடு வெற்றுத்தாளில் வரைய உட்காரக் கூடாது. ஏற்கனவே மணலிலும் சேற்றிலும் அடிபட்டுத் தேறிய ஒன்றை எடுத்து, தன் மண்ணுக்குப் பொருந்தாததை மட்டும் மாற்ற வேண்டும்.

மாற்றியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது தோள்கட்டை. கலீலின் மடக்குக் கட்டை எஃகுக் குழாய். நமீபியா வெயிலில் அதைக் கன்னத்தில் வைக்க முடியுமா? அதனால் உறுதியான பாலிமரில் செய்தார்கள். சராசரித் தென்னாப்பிரிக்கச் சிப்பாயின் உயரத்துக்கு ஏற்ப நீளத்தையும் கூட்டினார்கள். 35 தோட்டா மேகசின், இரு கையாலும் இழுக்கும்படி மேல்நோக்கி வளைந்த பிடி, சுடும் முறையை மாற்ற இடது பக்கத்தில் கட்டைவிரலுக்கு ஒரு கொக்கி இதெல்லாம் கலீலிலேயே இருந்தவை. எடைதான் குறையவில்லை. ரிசீவரைத் தகட்டில் மடிக்காமல் எஃகுக் கட்டியிலிருந்து கடைந்தெடுப்பதால் 4.3 கிலோ. ஆர்-1இன் எடையும் கிட்டத்தட்ட அதேதான். இதைப் பயிற்சியில் நான் சொன்னபோது சார்ஜண்ட் மறுக்கவில்லை.

குறிபார்க்கும் இரண்டு பாகங்களில் கண்ணுக்கு அருகில் இருக்கும் பின்குறி, ஏ.கே.-வில் நடுவில் இருக்கும். ஆர்-4இல் மேல்மூடியின் பின்முனையில் இருக்கிறது. இரண்டு குறிகளுக்கும் இடைவெளி கூடுவதால் குறி துல்லியமாகும். ஆனால் மூடி கொஞ்சம் ஆடினாலும் எல்லாம் போச்சு. ஒரு ரைஃபிளின் மூடியை இன்னொன்றுக்கு மாட்டிவிட்டு, சுட்டுச் சரிபார்க்காமல் அனுப்பக் கூடாது. இரவில் குறிபார்ப்பதற்கான இரவுக் குறியில் அதை ஒளிர வைக்கும் ட்ரிடியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கும். அதன் ஒளிர்வு 12 ஆண்டுகளில் பாதியாகிவிடும். ஆரம்பகாலத் துப்பாக்கிகள் எங்கள் மேசைக்கு வந்தபோது பலவற்றில் மினுக்கம் மட்டும்தான் மிச்சம்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது கையேடு. எல்லாம் ஆஃப்ரிகான்ஸில். விடுப்பில் பிரிட்டோரியாவின் இந்தியர் பகுதியான லாடியத்தில் எங்கள் ஊர்க்காரக் குடும்பம் ஒன்றின் வீட்டில் தங்குவேன். அந்த வீட்டு மாமா தனியார் பட்டறையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை மராபஸ்டாட் மாரியம்மன் கோயிலுக்குப் போய்வந்த பிறகு என்னை உட்கார வைத்துத் தமிழிலேயே விளக்குவார். "தம்பி, எழுத்தை விடு. படத்தைப் பாரு. எந்த அளவு பிடிச்சே ஆகணும், எந்த அளவு கொஞ்சம் தளர்ந்தா பரவாயில்ல, அதைப் பிரிச்சுக்கோ" என்பார். போல்ட் பூட்டும் இடத்தில் அளவு இம்மியும் பிசகக் கூடாது. நகரும் பாகங்களைச் சுற்றி இடம் விட்டே செய்திருக்கிறார்கள், தூசி போனாலும் சிக்காமல் ஓட. மாமா துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. ஆனால் வரைபடத்தைப் பார்த்தே இதைச் சொல்லிவிட்டார்.

இறுதித் தேர்வில் பல ரைஃபிள்களின் பாகங்களைக் கலந்து கொட்டியிருந்தார்கள். பொருந்துவதைத் தேடி எடுத்து, முழுதாகக் கட்டி, தோட்டா அறையின் அளவைச் சோதிக்கும் 'கோ' கேஜ் வைத்தால் போல்ட் மூட வேண்டும், 'நோ-கோ' கேஜ் வைத்தால் மூடக் கூடாது என்று காட்ட வேண்டும். அப்புறம் ஒவ்வொரு பாகத்துக்கும் வாய்மொழிக் கேள்வி. தேறியவர்களைப் பட்டாளத்தில் 'டிஃபி' என்பார்கள். அங்கோலாவிலிருந்து வந்த நண்பரும் நானும் ஒரே பட்டறைக்குப் போனோம்.

1997-ல் உள்நாட்டு ஆயுத நிறுவனமான வெக்டர் சி.ஆர்-21 என்று ஒன்றை வெளியிட்டது. ஆர்-4இன் உள்ளுறுப்புகளை பாலிமர் உடலுக்குள் பின்னால் தள்ளி வைத்த குட்டையான வடிவம். பார்க்கப் புதுமைதான், ஆனால் நம் ராணுவம் அதை ஏற்கவில்லை. ஆர்-4இன் குட்டைக் குழல் தம்பியான ஆர்-5 போலீஸ் கைக்குப் போனது. 2012 ஆகஸ்ட் 16-ல் மரிக்கானாவில் 34 சுரங்கத் தொழிலாளிகள் செத்தபோது போலீசார் சுட்டது பெரும்பாலும் அந்தத் துப்பாக்கியால்தான். போர்க்களத்துக்குச் செய்த ஆயுதத்தை வேலைநிறுத்தம் செய்தவர்களின் முன் நிறுத்தியது எனக்கு இன்றுவரை ஆறாத கோபம்.

இனி ஆர்-4க்கு மாற்று தேடுகிறவர்கள், சுட்டுப் பார்க்கும் வீரர்களோடு பட்டறை ஆட்களையும் கூட உட்கார வைக்க வேண்டும். எந்தப் பாகம் முதலில் தேயும், எந்த மூடி தளரும், எதை இந்த நாட்டில் கடைய முடியும், எதற்கு வெளிநாட்டைக் கேட்டு நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.