கணக்குக் கேட்ட கெமிஸ்ட்ரி சார்

நம் கெமிஸ்ட்ரி சார் காலமாகிவிட்டார் என்று போன மாதம் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. ஆளாளுக்குக் கைகூப்பும் படத்தைப் போட்டோம். எனக்கு அதோடு விட்டுவிட மனம் வரவில்லை. பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுது என்று செயலாளர் கேட்டுக்கொண்டே இருந்தார். சரி, சாரைப் பற்றியே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பெயரைப் போடவில்லை. எழுபதுகளில் காரைக்குடி அழகப்பா கல்லூரியில் பி.எஸ்சி. படித்தவர்களுக்குப் பெயர் தேவையும் இல்லை.

ஏப்ரல் 6, கல்லூரி நிறுவனர் அழகப்பச் செட்டியாரின் பிறந்தநாள். அந்த வருடம் மாணவர் சார்பில் பேச என்னை நிறுத்தினார்கள். பள்ளிக்கூட நாளிலேயே பட்டிமன்றப் பழக்கம் உண்டு. கம்பன் திருநாள் கூட்டங்களில் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கேட்டு வந்த தமிழ் வேறு. பாரி, ஓரி, கர்ணன் என்று அடுக்கி, அவர்கள் அத்தனை பேரையும் மிஞ்சியவர் வள்ளல் அழகப்பர் என்று முடித்தேன். நல்ல கைத்தட்டல். முன்வரிசையில் இருந்த சார் மட்டும் கை தட்டவில்லை.

அடுத்த வகுப்பில் வந்ததும் என்னை எழுப்பினார்.

"பாரி தேர் கொடுத்தான், சரி. அழகப்பர் என்னப்பா கொடுத்தார்?"

"கல்லூரி கொடுத்தார், சார்."

"எந்த வருஷம்? எவ்வளவு ரூபாய்? யார் கேட்டுக் கொடுத்தார்?"

எனக்குத் தெரியவில்லை. பின் பெஞ்சில் சிரிப்பு கிளம்பியது. சார் அவர்களையும் எழுப்பிக் கேட்டார். ஒருவனுக்கும் தெரியவில்லை.

"உப்பைப் பற்றிக் கேட்டால் எத்தனை கிராம் என்று சொல்கிறீர்கள். மனுஷனுக்கு மட்டும் அளவு வேண்டாமா?"

அன்று காது சூடேறி நின்றது இன்னும் நினைவிருக்கிறது. நூலகத்தில் போய்ப் படி, கோட்டையூருக்குப் போய்ப் பெரியவர்களிடம் கேள், தேதியும் தொகையும் எழுதிக்கொண்டு வா என்று அனுப்பினார். விடுதி நண்பன் ஒருவனின் சைக்கிளை வாங்கிக்கொண்டு போனேன். அதற்குப் பிறகுதான் அழகப்பச் செட்டியார் எனக்கு ஒரு மனிதராகத் தெரிய ஆரம்பித்தார்.

பிறந்தது 1909-இல், கோட்டையூரில். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எம்.ஏ., பிறகு லண்டனில் பாரிஸ்டர் படிப்பு. திரும்பி வந்து வக்கீலாக இருக்கவில்லை, தொழிலில் இறங்கினார். 1937-இல் திருச்சூருக்குப் பக்கத்தில் புதுக்காட்டில் கொச்சின் டெக்ஸ்டைல்ஸ் என்ற நூற்பாலை தொடங்கினார். அந்த இடத்துக்கு இன்றும் அழகப்ப நகர் என்றுதான் பெயர். மலேயாவில் ரப்பர் தோட்டமும் ஈயச் சுரங்கமும் இருந்தன. இன்சூரன்ஸ், ஓட்டல், விமான நிறுவனம் எனத் தொட்டதெல்லாம் வளர்ந்தது.

சார் இதையெல்லாம் வேகமாகத் தாண்டிவிடுவார். அவர் நிறுத்தி நிதானமாகச் சொல்லச் சொன்னது 1947-ஐ. சென்னையில் அன்னி பெசண்ட் நூற்றாண்டு விழா. பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார், பணம் படைத்தவர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று பேசுகிறார். கூட்டத்தில் இருந்த அழகப்பர் அங்கேயே எழுந்து, காரைக்குடியில் கல்லூரி தொடங்குகிறேன் என்று சொல்லி ஒரு லட்சம் ரூபாய் கொடுக்கிறார். கட்டடம் கிடையாது. அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. அந்த ஆகஸ்டிலேயே காந்தி மாளிகையில் வகுப்பு தொடங்கிவிட்டது.

அப்புறம் அந்தப் பொட்டல் காட்டில் ஒவ்வொன்றாக எழுந்ததை நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, பாலிடெக்னிக், 1952-இல் பொறியியல் கல்லூரி. அதற்கு முன்பே, 1944-இல், சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 5 லட்சம் கொடுத்துக் கிண்டியில் ஏ.சி. (அழகப்பச் செட்டியார்) தொழில்நுட்பக் கல்லூரி வரக் காரணமானார். ஜவுளித் தொழில்நுட்பம் அங்கே ஒரு பாடம். கணித மேதை ராமானுஜன் பெயரில் சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்தையும் நடத்தினார். கோட்டையூரில் தன் வீட்டையே பெண்கள் படிப்புக்கு விட்டார். ஆங்கில அரசு கொடுத்த சர் பட்டத்தை, நாடு விடுதலை ஆனதும் துறந்தார்.

பட்டியலை வாசித்து முடித்ததும் சார் கேட்டார்: "அவருடைய உடம்பைப் பற்றி ஏன் எழுதவில்லை?" பெரியவர்கள் குரலைத் தாழ்த்திச் சொன்ன விஷயம் அது. நான் எழுதத் தயங்கியிருந்தேன். சார் வகுப்புக்கே உரக்கச் சொன்னார். அழகப்பருக்குத் தொழுநோய் இருந்தது. அந்தக் காலத்தில் அந்த நோய் வந்தவரை ஊர் எப்படி ஒதுக்கியது என்று உங்களுக்கே தெரியும். அந்த உடம்போடுதான் இவ்வளவும் செய்தார். 1956-இல் பத்மபூஷண் கிடைத்தது. 1957 ஏப்ரல் 5 அன்று இறந்தார். மறுநாள் 48 வயது முடிந்திருக்கும்.

"நான் அவரைப் பார்த்ததில்லை. அதனால்தான் கணக்குப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்" என்றார் சார்.

காரைக்குடியில் இருக்கும் மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவரால் உட்கார்ந்திருக்க முடியாது. மின்சாரமும் வேதிமாற்றமும் சேர்ந்த அந்தத் துறைக்கு ஒரு தேசிய ஆய்வகம் வரப்போகிறது என்றதும், 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தருகிறேன் என்று கொடுத்துக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தவர் அழகப்பர். 1948 ஜூலை 25-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். "நம்ம ஊருக்குக் காசு பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் வரும். படிப்புக்கு நாம் சென்னைக்குப் போக வேண்டும். இந்த மனுஷன் இரண்டையும் இங்கேயே வைக்கப் பார்த்தார்" என்பார்.

ஒருநாள் ஆய்வுக்கூடத்தில் மயில்துத்த (காப்பர் சல்பேட்) கரைசலில் ஓர் இரும்பு ஆணியை முக்கினார். ஆணி செம்பு நிறமாகி வந்தது. நாங்கள் வாய் பிளந்தோம். என்னைக் கூப்பிட்டு, "விரலால் தேய்" என்றார். தேய்த்தேன், செம்பு பொடியாக உதிர்ந்து விரலில் வந்துவிட்டது, அடியில் கறுத்த இரும்பு. "பூசுவது சுலபம். ஒட்டவைப்பதுதான் வித்தை. அதைப் படிக்கத்தான் கூப்பிடு தூரத்தில் ஓர் ஆய்வகமே இருக்கிறது. அங்கே போங்கள்" என்றார்.

சொன்னதோடு நிற்கவில்லை. நான் மூன்றாம் ஆண்டு முடிக்கும்போது, சிக்ரியில் ஆய்வுக்கூட உதவியாளர் வேலைக்கான விண்ணப்பப் படிவத்தை அவரே வாங்கி வந்து கையில் கொடுத்தார். பூர்த்தி செய்தேன். அனுப்புவதற்குள் சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கடிதம் போட்டுவிட்டார். அக்காவுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். வீட்டில் யாரும் என்னை வற்புறுத்தவில்லை. வற்புறுத்தத் தேவையும் இருக்கவில்லை. சாரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். "எங்கே போனாலும் கெமிஸ்ட்ரியை விடாதே" என்றார். அவர் வீட்டம்மா காபி கொடுத்தார்கள். அப்புறம் சென்னைத் துறைமுகம், சிதம்பரம் கப்பல்.

கெமிஸ்ட்ரியை விடவில்லை. சிங்கப்பூரின் ஜூரோங்கில் முலாம் பூசும் தொழிற்சாலையில்தான் என் காலம் முழுக்கப் போனது. இரும்பின் மேல் செம்பு நிற்பதற்காக நாங்கள் முதலில் மெல்லிதாக நிக்கல் ஏற்றுவோம். அதற்கும் முன்னால் எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் கழுவ வேண்டும். வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நானும் ஆணியை முக்கிக் காட்டி, விரலால் தேய்க்கச் சொல்லித்தான் கற்றுக்கொடுத்தேன். இந்த ஊர் எனக்கு வீடு கொடுத்தது, பிள்ளைகளைப் படிக்க வைத்தது. அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

ஆனால் நாங்கள் வாங்கிப் பயன்படுத்திய கரைசல்களின் சேர்மானத்தை நான் ஒருநாளும் கண்டுபிடித்ததில்லை. டப்பாவில் வரும், அளந்து ஊற்றுவோம். அதைக் கண்டுபிடிக்கிற வேலை காரைக்குடியில் நடந்துகொண்டிருந்தது. அங்கே எனக்கு ஒரு நாற்காலி கிடைத்திருக்கலாம். வயது ஏற ஏற இந்த எண்ணம் அடிக்கடி வருகிறது.

என் வகுப்புத் தோழன் ஒருவன் அந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டுச் சேர்ந்தான். சேர்ந்த பிறகும் மாலையில் படித்து மேலே வந்தான். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தான். இப்போதும் ஊருக்குப் போனால் அவன் வீட்டுத் திண்ணையில்தான் உட்காருவேன். துரு பற்றி, கடல்நீரில் பாலத்துக் கம்பிகள் அரிப்பது பற்றி, தாங்கள் செய்து தோற்றது, அப்புறம் ஜெயித்தது எல்லாம் சொல்வான். நான் இடையில் பேச மாட்டேன். சார் கடைசிவரை தன்னிடம் வந்து வேலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று இந்த முறை போனில் சொன்னான். என்னைப் பற்றியும் கேட்டாராம்.