தில்லையில் ஒரு கேள்வியோடு

தில்லை எனும் சிதம்பரத்தில், நடராஜர் கோயிலின் கருவறையான சிற்சபை முன் நின்றால் இறைவனை மூன்று நிலைகளில் தரிசிக்கலாம். ஆடும் கூத்தபிரான் உருவம். ஆறு காலமும் அபிஷேகம் ஏற்கும் ஸ்படிக லிங்கம் அருவுருவம். திரை விலகும்போது தங்க வில்வ மாலைகள் மட்டும் தொங்கும் வெளி, அருவம்; சிதம்பர ரகசியம் என்பது அதுதான். இந்த முறை ஒரு கேள்வியோடுதான் போயிருந்தேன்: அனைத்துக்கும் மூலமானது கூறுகளே இல்லாததாகத்தான் இருக்க வேண்டுமா?

ஆம் என்பவர்களின் வாதம் வலுவானது. கூறுகளால் ஆனது அந்தக் கூறுகளைச் சார்ந்திருக்கும், சார்ந்திருப்பது மூலமாகாது. வைசேடிகம் என்ற பழைய இந்தியத் தத்துவ மரபினர், பொருள்களின் மிகச் சிறிய துகளான பரமாணுவைப் பகுக்க முடியாதது என்றார்கள். அத்வைதம் பிரம்மத்தினுள் எந்தப் பேதமும் இல்லை என்றது. மேற்கே 13-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ், கடவுளில் இருப்பும் இயல்பும் வேறல்ல என்று எழுதினார். ரகசியத்தைப் பார்க்கும்போது மனம் அந்தப் பக்கமே சாய்கிறது. வெட்டவெளியில் எதைப் பிரிப்பது?

தீபாராதனையில் சிவகாமியம்மை முகம் தெரிந்தது. அம்மையும் அப்பனும் என்றால் இரண்டாகிவிடாதா? சைவ சித்தாந்தம் இறைவனுக்கு எண்குணமும் சொல்கிறதே! ஆனால் சிவத்துக்கும் சக்திக்கும் உள்ள உறவை அது தாதான்மியம், அதாவது பிரிக்க முடியாத ஒருமை என்கிறது: நெருப்பும் சூடும்போல. சூட்டைத் தனியே உண்டாக்கிப் பிறகு நெருப்பில் சேர்த்தவர் யாருமில்லை. குணங்கள் முன்னே இருந்து இறைவனை ஆக்கவில்லை. அவன் இருப்பதால் அவை இருக்கின்றன.

அதே கோயிலில் கோவிந்தராஜப் பெருமாள் சந்நிதி. சேவிக்கும்போது ராமானுஜர் நினைவு வந்தது. உயிர்களும் உலகமும் இறைவனுக்கு உடல் என்றவர் அவர். உடல்தான் உயிரைச் சார்ந்திருக்கிறது, உயிர் உடலை அல்ல. எனக்கு அந்த இடத்தில் தெளிந்தது இதுதான்: மூலப்பொருள் எதையும் சாராமல் இருந்தால் போதும், உள்ளே ஒன்றுமே இல்லாததாக இருக்கத் தேவையில்லை. நிறைந்திருப்பது குறையா என்ன?

உயிரின் அறிவை மறைக்கும் அழுக்கான ஆணவ மலத்துக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அதுவும் அநாதி என்றே சித்தாந்தம் சொல்கிறது. உயிர்தோறும் வெவ்வேறாக மறைக்கும் பல சக்திகள் உடையது, ஆனாலும் பொருள் ஒன்றே என்கிறது. சடமாகவும் (அறிவில்லாததாகவும்) பலவாகவும் இருப்பது அழிந்துபோகும் என்பதே காரணம். அறிவுள்ள பொருளுக்கு ஒரு விதி, அறிவில்லாததற்கு வேறு விதி. ஏன் அப்படி என்பதைப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டும்.