தும்மல் நின்றால் போதுமா?

1972 டிசம்பரில் அப்பல்லோ 17 நிலவில் இறங்கியது. முதல் நாள் வெளிவேலை முடிந்து லேண்டருக்குள் ஏறி ஹெல்மெட்டைக் கழற்றியதும் விண்வெளி வீரர் ஹாரிசன் ஷ்மிட்டுக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. உடையில் ஒட்டி வந்த தூசி கேபின் முழுக்கப் பரவியிருந்தது. சுட்ட வெடிமருந்து வாசம் அடித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். ரேடியோவில் ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையோடு அதைச் சிரித்துப் பேசியே கடந்துவிட்டார்கள். சில மணி நேரத்தில் சரியாகிவிட்டது, அடுத்தடுத்த நாட்களில் அவ்வளவு தொந்தரவும் இல்லை.

தொந்தரவு குறைந்தது என்ற அந்தச் செய்திதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நாமக்கல் பக்கத்துக் கல் உடைக்கும் கிரஷர்களில் பாதுகாப்பு வகுப்பு எடுப்பது என் வேலை. இனி நிலவுக்குப் போகிறவர்களுக்குத் தூசி பற்றி வகுப்பு எடுப்பதானால் என்ன சொல்ல வேண்டும் என்று அதை வைத்துத்தான் யோசிக்கிறேன். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு ஜல்லி சலிக்கிற ஒரு அண்ணன் சொன்னார்: "வந்த புதுசுல தும்மிக்கிட்டே கெடப்பனுங்க மேடம். இப்ப ஒண்ணும் பண்றதில்லீங்க, ஒடம்பு பழகிருச்சு."

"மூக்குதானுங்கண்ணா பழகியிருக்கு. நெஞ்சு பழகாதுங்க" என்றேன். துண்டை இறுக்கிக்கொண்டார், ஆனால் நம்பிய மாதிரி தெரியவில்லை.

தும்ம வைப்பது பெரிய துகள். அதை மூக்கே பிடித்து வெளியே தள்ளிவிடும். சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள பொடி சத்தமில்லாமல் நுரையீரலின் அடியில் போய் உட்காரும். நிலவில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்குதான் என்பதால் அந்தப் பொடி கேபின் காற்றில் அதிக நேரம் மிதக்கும், மூச்சில் இன்னும் ஆழமாகப் போகும். வெளியே நிலவுத் தரையில் காற்றோ தண்ணீரோ இல்லாததால் துகளின் முனைகள் மழுங்கியதே இல்லை. விண்கல் துணுக்குகள் மோதி உருகிய கண்ணாடிச் சில்லுகளும் அவற்றில் நிறைய.

எங்கள் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடைக்கும், நிலவுப் பாறையை ஒத்த அனார்த்தசைட் பாறையை அரைத்துத்தான் இஸ்ரோ சந்திரயான்-2 சோதனைக்கு நிலவு மண்ணைப் போன்ற மாதிரி மண்ணைத் தயாரித்தது. ரோவரை ஓட்டிப் பார்க்க அது போதும். நுரையீரலுக்கு என்ன ஆகும் என்று சொல்ல அது போதாது. பூமிக்கு வந்த அசல் மண்ணிலும் சிக்கல் உண்டு: அப்பல்லோ பெட்டிகளின் சீல்களைத் தூசி கெடுத்ததால் உள்ளே காற்று புகுந்து, மற்றப் பொருட்களோடு சட்டென்று வினைபுரியும் அதன் வேதித் துடிப்பு அடங்கிவிட்டது.

அதனால்தான் செய்திகள் இப்படி முரண்படுகின்றன. 2018-ல் மாதிரித் தூசி ஆய்வகத் தட்டில் செல்களைக் கொன்றது என்று பயமுறுத்தினார்கள். 2025-ல் சிட்னி சாலைத் தூசியை விட மாதிரி நிலவுத் தூசி கெடுதல் குறைவு என்று வந்தது. இரண்டையும் அப்படியே நிலவுப் பயணிகளிடம் சொல்லிவிட வேண்டும், இரண்டிலும் இருந்தது மாதிரித் தூசிதான், அசல் இல்லை என்பதையும் சேர்த்து. ஒன்றை மறைத்தால் அடுத்து நாம் சொல்வது எதையும் கேட்க மாட்டார்கள். கல் தூசியால் நுரையீரல் கெட்டுப்போகும் சிலிகோசிஸ் நோய் வரும் என்று மிரட்டவும் கூடாது. அந்த நோயைக் கொண்டுவரும் குவார்ட்ஸ் என்ற கனிமம் நிலவு மண்ணில் மிகக் குறைவு. விலங்குச் சோதனைகளில் நிலவுத் தூசியின் நச்சு, குவார்ட்ஸுக்கும் கெடுதல் குறைந்த டைட்டானியம் டையாக்சைடு பொடிக்கும் நடுவில்தான் வந்தது.

ஆறு மாதப் பயணத்துக்கு நாசா வைத்திருக்கும் வரம்பு ஒரு கனமீட்டர் காற்றில் 0.3 மில்லிகிராம். வகுப்பில் இந்த எண்ணை எழுதிப்போட்டு யாருக்கும் எதையும் புரியவைக்க முடியாது. பூமிக்கு வந்த அப்பல்லோ உடைகளைக் கையாண்ட ஒரு மருத்துவரின் கதையை நான் சொல்வேன். தூசி பட்ட ஒவ்வொரு முறையும் அவருக்கு ஒவ்வாமை கூடிக்கொண்டே போனது. அவருக்கு மூக்குகூடப் பழகவில்லை.

அப்பல்லோ 12-ல் நிலவைச் சுற்றிக்கொண்டிருந்த தாய்க்கலத்திலிருந்த ரிச்சர்ட் கார்டன், நிலவில் இறங்கிவிட்டு அழுக்காக வந்த சக வீரர்கள் கான்ராடையும் பீனையும் உடைகளைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னார். அந்தக் கண்டிப்பு ஒரு விதியாகவே வர வேண்டும்: தூசி உடை வெளியிலேயே நிற்கட்டும், காற்றை வடிகட்டி, தூசி அளவுமானி காட்டும் எண் தணிந்த பிறகே ஹெல்மெட் கழறட்டும்.

அதைவிடக் கஷ்டமானது, மூக்கடைப்பை ஒளிக்காமல் சொல்ல வைப்பது. சொன்னால் அடுத்த பயணம் போய்விடும் என்று பயப்படுகிறவர் இருமலை விழுங்கத்தான் செய்வார். எங்கள் கிரஷரில் கூலி போகுமே என்று மறைக்கிற மாதிரிதான். ஆகவே முதல் வகுப்பிலேயே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்: தும்மலைப் பதிவு செய்ததற்காக யாரையும் பயணத்திலிருந்து இறக்க மாட்டோம், ஊர் திரும்பிய பிறகும் வருடாவருடம் நுரையீரலைப் பார்ப்போம் என்று.