நீற்றறையில் விழுந்த நிழல்

அப்பா காலமான பிறகு, விடியற்காலை 3 மணிக்கு நெஞ்சு படபடக்க விழித்துக்கொள்வது எனக்கு வழக்கமாகிவிட்டது. அந்நேரங்களில், சிறுவயதில் மனப்பாடம் செய்த ‘மாசில் வீணையும் மாலை மதியமும்’ என்ற தேவாரத்தை முணுமுணுப்பேன். பல்லவ மன்னனின் ஆணையால் நீற்றறை என்னும் சுண்ணாம்புக் காளவாயில் 7 நாள் அடைக்கப்பட்ட திருநாவுக்கரசர் அதற்குள்ளிருந்து பாடியதாகப் பெரியபுராணம் கூறும் பாட்டு அது. அவருக்கு நீற்றறை குளிர்ந்தது. எனக்கு எதுவும் குளிரவில்லை. அந்த அருளுக்கு நான் உரியவன் அல்லன் போலும் என்ற எண்ணத்தில் அச்சம் கூடியதுதான் மிச்சம்.

ஓர் இரவு, அத்தேவாரம் இடம்பெற்ற ஐந்தாம் திருமுறையை எடுத்து, அப்பதிகத்தின் 10 பாடல்களையும் முதன்முறையாக முழுவதும் படித்தேன். நீற்றறை எந்தப் பாட்டிலும் இல்லை. தீயை அணைத்துத் தா என்ற வேண்டுதலும் இல்லை. நான்காம் பாட்டோ ‘சுடலை சேர்வது சொற்பிரமாணமே’, அதாவது சுடுகாடு சேர்வது உறுதி, என்று நேராகவே சொல்லிவிடுகிறது. பத்தாம் பாட்டில், ‘விறகில் தீயினன், பாலில் படுநெய்போல் மறைய நின்றுளன்’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். உவமையின் நேர்ப்பொருள் மறைந்திருத்தல் மட்டுமே என்பதை அறிவேன். ஆயினும், முதல் பாட்டில் இறைவன் திருவடியின் நிழலைப் பாடித் தொடங்கியவர், நெருப்பு சூழ்ந்திருக்கையில் அவனையே விறகினுள் உறையும் தீ என்று முடிக்கிறார் என்றால், அவரைச் சுட வந்ததும் அவருக்கு அந்நியமாக இருந்திருக்க முடியாது என்றே எனக்குப் பட்டது.

அவனைக் காணும் வழியையும் அப்பாட்டே சொல்கிறது: ‘உறவு கோல்நட்டு உணர்வு கயிற்றினால் முறுக வாங்கிக் கடைய முன்னிற்குமே.’ என் பாட்டி தயிர் கடைவதை அருகில் அமர்ந்து பார்த்திருக்கிறேன். வலக்கை கயிற்றை இழுக்கும்போது இடக்கை விட்டுக்கொடுக்கும். இரண்டும் சேர்ந்து இழுத்தால் மத்து நின்றுவிடும். நெடுநேரம் நுரைதான் வரும். பிறகு சத்தம் கனத்து மாறும்; பானைக்குள் எட்டிப் பார்க்காமலே, ‘வெண்ணெய் திரண்டுட்டுது’ என்பார். நானோ இத்தனை இரவுகளாகக் கோலே இல்லாமல் வெறும் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தேன். பாட்டில் உறவுதான் முதலில் நடப்படுகிறது. தம்மேல் ஏவப்பட்ட யானையின் முன் நின்று பாடிய பதிகத்திலும், ‘அஞ்சுவது யாதொன்றும் இல்லை’ என்பதற்கு முன்னால் ‘உடையார் ஒருவர் தமர் நாம்’ என்றுதான் வைக்கிறார். தம் வலிமையை அவர் காரணமாகச் சொல்லவில்லை. தாம் யாருடையவர் என்பதைச் சொல்கிறார்.

இப்போதும் 3 மணிக்கு விழிப்பு வருகிறது. எழுந்து விளக்கைப் போடுவதில்லை. நெஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டு, பத்தாம் பாட்டைச் சொல்லுக்குச் சொல் நிறுத்திச் சொல்கிறேன். சில இரவுகளில் நுரையோடு சரி. சில இரவுகளில், கைக்கடியில் படபடப்பு மெல்ல அடங்குவதும், தெருவில் பால்காரரின் மணி கேட்பதற்குள் தூங்கிப்போவதும் உண்டு.